தர்முஜி தேடிய கீச்சு

தர்முஜிக்குச் சத்தம் ஆகாது. கல்யாண வீடுகளுக்கு ஒலிபெருக்கி வாடகைக்கு விட்டுப் பிழைத்தவருக்குச் சத்தம் ஆகாது என்றால் சோலோ ஊரில் யார் நம்புவார்கள்? ஆனால் அதுதான் நிஜம். பாட்டு பிடிக்கும். பேச்சு பிடிக்கும். அதற்கு அடியில் ஓடுகிற 'உம்ம்', நடுவில் வெடிக்கிற 'கரகர', இவைதான் ஆகாது. அவை காதில் விழுந்தால் சோறு இறங்காது மனிதருக்கு.

ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை மேடை ஏறும் நேரம், ஒலிபெருக்கியில் கரகரப்பு. தர்முஜி ஒயரைப் பிடித்துக்கொண்டே போனார். கொல்லைப்புறத்தில் சமையல்காரியின் அடுப்புக்குக் காற்று ஊதிக்கொண்டிருந்த சின்ன மோட்டாரைக் கண்டார். பிடுங்கிப் போட்டார். கரகரப்பு நின்றது. அடுப்பும் நின்றது. அன்றைக்கு ஊரே பசியோடு நல்ல பாட்டுக் கேட்டது.

எனக்கு அவரைத் தெரிந்ததும் அப்படித்தான். நான் மோட்டார் காயில் கட்டுகிறவன். என் கடைக்கும் அவர் வீட்டுக்கும் ஒரே சுவர். கட்டி முடித்த மோட்டாரை ஓட்டிப் பார்த்தால் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வரும்.

"யோவ் கியார்த்தோ! உன் மோட்டார் என் டேப்புல இருமுதுய்யா!"

"உங்க டேப்புக்குக் கஷாயம் குடுங்க காங்!"

எங்கள் பக்கம் மூத்தவரை 'காங்' என்போம். பன்னிரண்டு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனாலும் மரியாதை தெரியும்.

காங் தர்முஜிக்குப் பிள்ளை இல்லை. மனைவி லஸ்மினி தேங்காய்ப்பால் சோறு விற்கிறவள். இருவருக்கும் நடுவில் ஒரு காலத்தில் ஒரு சோலைபாடிப் பறவை இருந்தது. கறுத்த உடம்பு, செங்கல் நிற வயிறு, சாட்டை மாதிரி வால். பெயர் குளுதுக், அதாவது இடி. அது பாடினால் பக்கத்துக் கூண்டுப் பறவைகள் வாயை மூடிக்கொள்ளும். மேலேயிருந்து மூன்று சுரம் படி இறங்கி வரும். பிறகு அரிசியைத் தகரத்தில் கொட்டினாற்போல ஒரு உருட்டு. பறவைப் பாட்டுப் போட்டியில் அது தோற்று நான் பார்த்ததில்லை. ஒரு மழைக்காலத்தில் செத்தது. காங் அதைப் பற்றிப் பேசவே மாட்டார். ஆனால் உயிரோடிருந்தபோது தன் ஸ்பூல் டேப் ரெக்கார்டரில் அதன் பாட்டைப் பிடித்து வைத்திருந்தார்.

அந்த ஒரு சுருள்தான் மிச்சம். அதுவும் வயதாகி உதிர ஆரம்பித்திருந்தது. ஓட்டினால் டேப் உரசிப் போகிற ஹெட்டில் பழுப்பாகப் பொடி படியும். கேசட்டில் ஒரு நகல் எடுத்துப் பார்த்தார். "மேல் சுரமெல்லாம் செத்துப் போச்சு. கம்பளிக்குள்ள பாடுற மாதிரி இருக்கு" என்று தூக்கிப் போட்டார்.

அந்த வருஷம்தான் சுமத்ராக் காட்டிலிருந்து வந்த இளம் சோலைபாடி ஒன்றை வாங்கினார். அது இறகு உதிர்க்க ஆரம்பித்ததும் கூண்டைத் துணியால் மூடினார். பறவை வளர்க்கிறவனுக்கெல்லாம் தெரியும், இறகு உதிர்க்கிற பறவை பாடாது, கேட்கும். அப்போது காதில் விழுவதைத்தான் புது இறகு வந்ததும் பாடும். குளுதுக்கின் பாட்டு இன்னொரு தொண்டைக்குள் போக வேண்டுமானால் இந்த இறகு உதிர்வுக்குள் போக வேண்டும். அடுத்த வருஷம் வரை சுருள் தாங்காது. காங்குக்கு வேறு ஆசை எதுவும் இருந்ததாக நான் கண்டதில்லை.

ஆனால் பல வருஷம் மூடிக் கிடந்த டேப் ரெக்கார்டரைப் போட்டதும், அப்பப்பா! ஒரு 'உம்ம்'. அதன் மேல் ஒரு கரகர. அதன் மேல் மழை பெய்கிற மாதிரி ஒரு 'ஸ்ஸ்'. எல்லாவற்றுக்கும் மேலே, சுருள் சுற்றுவதோடு சேர்ந்து ஒரு கீச்சு. எண்ணெய் காணாத பெச்சாக், அதாவது சைக்கிள் ரிக்‌ஷா, ஏற்றத்தில் போனால் கேட்குமே, அதே கீச்சு.

"இதை அப்படியே போட்டா பறவை பாட்டையா படிக்கும்? பெச்சாக் ஓட்டத்தான் படிக்கும்" என்றேன்.

"அதனாலதான் மிஷின் சுத்தமாகிற வரைக்கும் குளுதுக் சுருளைத் தொடமாட்டேன்" என்றார்.

சோதித்துப் பார்க்க ஒரு பழைய கல்யாணச் சுருளை மாட்டினார். மேசைமேல் மிஷின், மேலே விட்டத்தில் மூடிய கூண்டு. அந்த ஒரு அறையும் அடுப்படியும்தான் வீடே.

லஸ்மினி அண்ணி கேட்டாள்: "கூண்டை அடுப்படியில மாட்டட்டுமா? தலைக்கு மேல தொங்குது."

"அங்க எண்ணெய்ப் புகை. துணி மூடியிருக்கில்ல? தூங்கட்டும்."

முதலில் 'உம்ம்'. காங் பிளக்கைப் பிடுங்கித் திருப்பிச் செருகினார். பாதி குறைந்தது. மிஷினுக்கு முதுகில் ஒட்டிக்கொண்டிருந்த ஸ்டெபிலைசரை அறையின் அந்த மூலைக்குத் தள்ளினார். மீதியும் போயிற்று.

அடுத்து கரகர. வால்யூம் திருகைத் திருப்பும்போது அதிகமானது. பிரித்து, ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் உள்ளே துடைத்து, நூறு தரம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருகினார். அதுவும் அடங்கியது.

'ஸ்ஸ்' லேசில் போகவில்லை. ஹெட்டைத் துடைத்தார், போகவில்லை. வெற்று மிஷினை ஓட்டினால் 'ஸ்ஸ்' குறைவு, சுருளை மாட்டினால் அதிகம்.

"ஹெட்டுல காந்தம் ஏறியிருக்கு" என்றார் என்னைப் பார்த்து. "ஒரு காயில் கட்டிக் குடு."

"மோட்டார் இருமுதுன்னு திட்டினீங்களே, இப்ப காயில் வேணுமா?"

"கட்டுய்யா, வாயால சுத்தாத."

இரும்புத் துண்டில் கம்பி சுற்றிக் கொடுத்தேன். மிஷினை அணைத்துவிட்டு, காயிலில் மின்சாரம் விட்டு, ஹெட்டின் அருகே காட்டி, மெள்ள மெள்ளக் கை நீளும் தூரம் வரை பின்வாங்கினார். அதன் பிறகுதான் காயிலின் சுவிட்சை அணைத்தார். பக்கத்தில் வைத்தே அணைத்தால் வினை இரட்டிப்பாகுமாம். 'ஸ்ஸ்' மழை விட்டது.

மிச்சம் கீச்சு. வேகத்தைக் கூட்டினார், கீச்சும் வேகமானது. அப்படியானால் சுற்றுகிற ஏதோ ஒன்று. எது? சாப்பிடப் பயன்படுத்துகிற மூங்கில் குச்சியின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையை மிஷினிலும் வைத்து ஒவ்வொரு இடமாகக் கேட்டார். சுருள் தாங்கும் தண்டு, சும்மா. மோட்டார், சும்மா. டேப்பை அழுத்திப் பிடிக்கிற ரப்பர் உருளையில் வைத்ததும் முகத்தைச் சுளித்தார். அதன் அச்சில் எண்ணெய் பசை போல இறுகியிருந்தது. ஊசி முனையில் ஒரு சொட்டு விட்டார். கீச்சு வருகிறது, போகிறது. கழற்றி அலசினார். திரும்ப மாட்டி, திரும்ப ஓட்டி, திரும்ப நிறுத்தி... என் கடைக்குச் சுவர் வழியே நாளெல்லாம் அந்தக் கீச்சு கேட்டது. எனக்குக் கனவில் பெச்சாக் வந்தது.

கடைசியில் கீச்சு மெலிந்தது. ஆனால் போகவில்லை. காதைத் தீட்டினால் கேட்கும், அவ்வளவுதான். வேறு யாராக இருந்தாலும் விட்டிருப்பார்கள். காங் விடவில்லை. உருளையை மாற்றினார். அச்சை மாற்றினார். குச்சியை வைத்துக் கேட்டால் ஒன்றுமில்லை. குச்சியை எடுத்தால் கீச்சு.

"இது என்ன பேய்ய்யா?" என்றார்.

கூண்டில் புது வால் இறகு முளைத்துவிட்டது. நாள் ஓடிக்கொண்டிருந்தது. குளுதுக் சுருள் தகர டப்பாவில் அப்படியே கிடந்தது.

"காங், இருக்கட்டும் விடுங்க. போட்டுடுங்க" என்றேன்.

"இந்தக் கீச்சோடயா? குளுதுக்கை அசிங்கப்படுத்தச் சொல்றியா?"

"அப்ப பாட்டே வேணாமா?"

காங் மிஷினைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு குனிந்துவிட்டார். அண்ணி தட்டில் சோற்றைக் கொண்டுவந்து வைத்தாள். ஈ மொய்த்தது.

மறுநாள் முற்பகல் நான் அங்கே இருந்தேன். கல்யாணச் சுருள் ஓடிக்கொண்டிருந்தது. மெல்லிய கீச்சு. காங் கண்ணை மூடிக்கொண்டு தலையை இப்படியும் அப்படியும் திருப்பினார். அப்போது தெருவோடு மின்சாரம் போயிற்று. சுருள் மெள்ளச் சுழன்று நின்றது. பாடகியின் குரல் தேய்ந்து இறங்கி அடங்கியது.

கீச்சு அடங்கவில்லை.

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம். காங் நிமிர்ந்து பார்த்தார். கூண்டுத் துணிக்குள்ளிருந்து, பறவை தனக்குத் தானே முணுமுணுக்கிற மாதிரி, 'கீச்... கீச்... கீச்...' வண்டி ஏற்றத்தில் போய்க்கொண்டிருந்தது.

அண்ணி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "அடுப்படியில மாட்டட்டுமான்னு கேட்டேனே! தூங்கட்டும்னீங்களே!"

காங் முக்காலியில் உட்கார்ந்தார். "நான் மிஷினுக்கு வைத்தியம் பாக்கல கியார்த்தோ. இத்தனை நாளா இவனுக்குப் பாட்டு வாத்தியாரா இருந்திருக்கேன்."

எனக்கும் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

"மிஷின்?" என்றேன்.

"மிஷின் எப்பவோ சரியாயிடுச்சுய்யா."

பிறகு எழுந்து கையைக் கழுவினார். தகர டப்பாவைத் திறந்து, குளுதுக் சுருளைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி எடுத்து மாட்டினார். மின்சாரம் வரும் வரை விரலைப் பொத்தான் மேலேயே வைத்துக்கொண்டு நின்றார். வந்தது. அழுத்தினார்.

மூன்று சுரம் படி இறங்கி வந்தது. பிறகு உருட்டு. அடியில் 'உம்ம்' இல்லை, மழை இல்லை. ஒன்றுமே இல்லை. குளுதுக் அந்த அறையில் உட்கார்ந்து பாடியது. மேலே கூண்டும் அமைதியானது.

அன்று முதல் காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம் அந்தச் சுருளை ஓட்டினார். ஒவ்வொரு தரமும் ஹெட்டில் பொடி. துடைப்பார். டேப் அறுந்தது, ஒட்டினார். மறுபடி அறுந்தது, ஒட்டினார். ஒரு நாள் சுருளின் பெரும்பகுதி வெறும் பிளாஸ்டிக்காகக் கண்ணாடி மாதிரி தெரிந்தது. போட்டால் ஒன்றும் வரவில்லை. அதை டப்பாவில் போட்டு மூடி, பரணில் ஏற்றினார்.

இறகு உதிர்வு முடிந்ததும் கூண்டுத் துணியை எடுத்தோம். பக்கத்து ஊரான கார்த்தசுராவில் பறவைப் போட்டி. நானும் போனேன். கூண்டுகள் வரிசையாகத் தொங்க, நடுவர்கள் நன்றாகப் பாடுகிற கூண்டடியில் நடுவதற்கான கொடியோடு சுற்ற, சொந்தக்காரர்கள் வேலிக்கு வெளியே நின்று தொண்டை கிழியக் கத்தினார்கள். காங் கத்தவில்லை. வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பறவை வாலைத் தூக்கியது. மூன்று சுரம் இறங்கியது. உருட்டு கொட்டியது. பழைய ஆட்கள் இரண்டொருவர் சட்டென்று திரும்பினார்கள். குளுதுக்கிடம் வருஷா வருஷம் தோற்ற தார்சுன் கிழவர் வாயிலிருந்த சிகரெட்டைக் கீழே போட்டார். அப்புறம், நல்ல சத்தமாக: 'கீச், கீச், கீச்.' திரும்ப மூன்று சுரம்.

கூட்டம் சிரித்தது. "யாருய்யா அது, பறவைக்கு எண்ணெய் விடு!" என்று எவனோ கத்தினான். நடுவர் கொடியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நகர்ந்தார்.

தார்சுன் எங்களிடம் வந்தார். "தர்முஜி, உன் பய வண்டி ஓட்டிக்கிட்டு வந்திருக்கான்."

"ஆமாய்யா. வழி தூரம்ல" என்றார் காங்.

கிழவர் கூண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்த உருட்டு..." என்று ஆரம்பித்து, முடிக்காமல், "அடுத்த வருஷம் என் குஞ்சைக் கொண்டாந்து இதுக்குப் பக்கத்துல மாட்டட்டுமா?" என்று கேட்டார்.

"கீச்சும் சேந்து வரும்."

"வரட்டுமே."

பறவைக்கு அதுவரை பெயர் வைக்கவில்லை. திரும்பி வரும்போது காங் அதற்குப் பெச்சாக் என்று பெயர் வைத்தார்.

அடுத்த இறகு உதிர்வுக்குத் தார்சுன் தன் பறவையைக் கொண்டுவந்தார். நானும் ஒன்று வாங்கி மாட்டினேன். மோட்டார் கட்டுகிறவனுக்குப் பறவை எதற்கு என்று என் மனைவி கேட்டாள், நான் காதில் வாங்கவில்லை. தார்சுனுடையது உருட்டை அரைகுறையாகத்தான் பிடித்தது. என்னுடையது முழுசாகப் பிடித்தது. கீச்சை மட்டும் இரண்டும் பழுதில்லாமல் பிடித்துக்கொண்டன.

காலையில் எங்கள் தெருவில் இப்போது குளுதுக்கின் மூன்று சுரம் இரண்டு வீட்டிலிருந்து இறங்கி வருகிறது. காங் வாசலில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறார். அந்தக் கீச்சு வரும்போது மட்டும் முகத்தைச் சுளிக்கிறார். நேற்று ஒரு பெச்சாக்காரன் சவாரியோடு வந்தவன், கீச்சு கேட்டதும் எங்கள் வாசலுக்கு நேரே வண்டியை நிறுத்தினான். இறங்கிக் குனிந்து, தன் சக்கரத்தின் அச்சைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான்.