மூலை சைக்கிள்காரர்

பேயை நம்புகிறவர்களை எனக்கு அறவே பிடிக்காது. இப்போதும் பிடிக்காது. அதனால் இதை எழுதுவதில் எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை. ஆனால் நடந்தது. எனக்குத்தான் நடந்தது. தேதி, மணி எல்லாம் டைரியில் குறித்து வைத்திருக்கிறேன். நம்பாவிட்டால் போங்கள். வேறு யாராவது இதைச் சொல்லியிருந்தால் நானும் சிரித்துவிட்டுத்தான் போயிருப்பேன்.

2005-ம் வருடம். என் பெயர் அனந்தகிருஷ்ணன். அப்போது வயது நாற்பத்தாறு. வீடு பொழிச்சலூரில், வேலை தாம்பரத்தில் ஒரு அரசு அலுவலகத்தில். இருபது வருடம் நாற்காலியில் உட்கார்ந்து சம்பாதித்த தொப்பை. பிப்ரவரியில் ஒரு நாள் தாம்பரம் ஸ்டேஷன் மேம்பாலத்தில், பாதிப் படியில் மூச்சு முட்டி நின்றுவிட்டேன். தலையில் மீன் கூடையோடு வந்த ஒரு அம்மா என்னைத் தாண்டி விறுவிறுவென்று ஏறினாள். ஏறிக்கொண்டே, "ஓரமா குந்துய்யா, வழில நின்னுகினு..." என்றாள்.

அன்று இரவு முழுக்க எனக்குத் தூக்கம் வரவில்லை. மார்ச் ஒன்றாம் தேதி ஜிம்மில் சேர்ந்தேன்.

ஜிம் என்று சொல்வதே அதிகம். பம்மலில் ஒரு அரிசிக் கடைக்கு மேலே தகரக் கூரை போட்ட ஒரு கூடம். சுவரில் ஆளுயரக் கண்ணாடி, துருப்பிடித்த தம்புள்ஸ், எண்ணெய் பூசிய உடம்புகளின் படங்கள். அதை நடத்தியவர் எத்திராஜ். எல்லோரும் அவரை 'மாஸ்டர்' என்றார்கள். என்றைக்கோ ஆணழகன் போட்டியில் மூன்றாம் பரிசு வாங்கியவராம். அந்தக் கோப்பைக்கு ஆயுத பூஜை அன்று வைத்த பொட்டு இன்னும் அழியாமல் இருந்தது. மாலையில் வரும் பையன்களோ, கண்ணாடியில் தங்கள் கையைத் தாங்களே முத்தமிடும் ரகம். அவர்கள் முன்னால் பனியனோடு நிற்க எனக்கு மனம் இல்லை. அதனால் காலை ஐந்து மணிக்குப் போக ஆரம்பித்தேன்.

எத்திராஜ் நாலே முக்காலுக்கு ஷட்டரைத் தூக்கிவிட்டு எதிரே டீக்கடைக்குப் போய்விடுவார். ஐந்தரைக்குத்தான் மேலே வருவார். அந்த அரை மணி நேரம் எனக்கு நிம்மதி என்று நினைத்தேன்.

இல்லை. எனக்கு முன்பே ஒருவர் அங்கே இருந்தார்.

மூலையில் சுவரைப் பார்த்தபடி ஒரு பழைய உடற்பயிற்சி சைக்கிள். அதில் ஒரு குண்டு மனிதர். எப்போதும் முதுகுதான் தெரியும். வழுக்கை. கழுத்தில் வெள்ளைத் துண்டு. முதுகோடு ஒட்டிய ஈரப் பனியன். கிர்ர்... கிர்ர்... என்று மிதித்துக்கொண்டே இருப்பார். கூடவே மூச்சு. ஹ்ஹா... ஹ்ஹா... பஞ்சரான டியூபில் காற்றடிப்பதுபோல.

எனக்கு அவரைப் பார்த்தாலே எரிச்சல். என் தொப்பை தொப்பையே இல்லை என்று நம்ப விரும்பிய எனக்கு, அந்த முதுகு கண் எதிரே ஒரு எச்சரிக்கை. ஒரு நாள்கூட வணக்கம் சொல்லவில்லை. அவர் பக்கம் திரும்பும்போதெல்லாம் முகத்தைச் சுளித்தேன். கண்ணாடியில் அதை நானே பார்த்திருக்கிறேன்.

சில விஷயங்கள் சரியில்லை என்று அப்போதே தோன்றியிருக்க வேண்டும்.

அவ்வளவு வேர்த்தும் அவரிடம் வேர்வை நாற்றம் இல்லை. புது ரப்பர் வாசனை மட்டும். அவருடைய ஷூ வெள்ளை. பம்மல் தெருவில் நடந்து வந்த எந்த ஷூவும் அவ்வளவு வெள்ளையாக இருக்காது. ஐந்து பத்துக்கு விமானம் ஒன்று தலைக்கு மேலே இறங்கும். தகரம் தடதடவென்று ஆடும். நான் தினமும் நிமிர்ந்து பார்ப்பேன். அவர் தலை ஒருமுறைகூட அசையவில்லை.

இன்னொன்று. அவர் இறங்கிப் போய் நான் பார்த்ததே இல்லை. முகம் கழுவப் போய்த் திரும்பினால் சைக்கிள் காலியாக இருக்கும். அவ்வளவுதான்.

ஏப்ரல் 21. வியாழக்கிழமை.

காலை 5.04. அலுவலகத்தில் முந்தின நாள் ஒரு சண்டை. வீட்டில் என் மனைவி வேதா, "ஒண்ணரை மாசமாப் போறீங்க, பேன்ட் இன்னும் இடுப்புல ஏறலையே" என்று கேட்டிருந்தாள். அந்தக் கடுப்பில் எடை மிஷின் மேல் ஏறி நின்றேன். பெரிய வட்ட முள் வைத்த பழைய மிஷின். 88. சேர்ந்த நாளிலும் அதேதான்.

பின்னால் கிர்ர்... கிர்ர்... ஹ்ஹா... ஹ்ஹா...

கோபம் தலைக்கேறியது. திரும்பாமலே சொன்னேன்.

"சார், இந்த உடம்பை வச்சுக்கிட்டு இதெல்லாம் எதுக்கு? மூச்சு வாங்கறதை வீட்லயே உட்கார்ந்து வாங்கலாமே?"

கிர்ர்...

நின்றது.

மூச்சும் நின்றது. கீழே அரிசிக் கடை நாய் ஒரு முறை ஊளையிட்டது.

சைக்கிளிலிருந்து யாரோ இறங்கும் சத்தம். ரப்பர் ஷூ சிமெண்ட் தரையில் உரசியது. ஒரு அடி... இன்னொரு அடி...

நான் திரும்பவில்லை. கண்ணாடி எதிர்ச் சுவரில் இருந்தது. அதையும் பார்க்கவில்லை. முள்ளையே பார்த்தேன்.

88.

ரப்பர் வாசனை மிக அருகில்.

88... 94...

நான் அசையவே இல்லை.

105... 120...

என் கால்களுக்கு அடியில் பலகை முனகியது. முள் கடைசிக் கோடு வரை போய் 'டக்' என்று இடித்து நின்றது. 130. அதற்கு மேல் அந்த மிஷினில் எண் இல்லை.

பிடரியில் மூச்சு பட்டது.

சூடாக இல்லை...

குதித்து இறங்கினேன். சுவரோடு ஒட்டிக்கொண்டு திரும்பிப் பார்த்தேன்.

யாரும் இல்லை.

முள் மட்டும் பூஜ்யத்துக்கு வரவில்லை.

96-ல் நின்றது.

மிஷின் மேல் யாரும் இல்லை. 96.

அது அப்படியே நின்றது... பிறகு மெதுவாக இறங்கியது. 60... 20... யாரோ ஒரு காலை எடுத்து, அப்புறம் மறு காலை எடுத்தது போல.

பூஜ்யம்.

மூலையில்...

கிர்ர்...

சீட்டில் ஆள் இல்லை. பெடல் சுற்றியது.

எப்படிப் படியிறங்கினேன் என்று தெரியாது. முழங்காலில் ரத்தம். செருப்பு ஒன்று மேலேயே இருந்தது. டீக்கடைக் கடிகாரத்தில் 5.09. தலைக்கு மேலே அந்த விமானம் அப்போதுதான் இறங்கிக்கொண்டிருந்தது.

எத்திராஜ் கையில் டீயோடு எழுந்து வந்தார். "இன்னா சார், இன்னா ஆச்சு?"

"மூலை சைக்கிள்... தினமும் ஓட்டறாரே ஒருத்தர்..."

"எவன் ஓட்டறான்? பொங்கலுக்கு முன்னாடியே அதோட செயின் அறுந்து பூட்ச்சி. சும்மா இருக்கட்டும்னு ஓரமாப் போட்டு வெச்சிகீறேன்."

இரண்டு பேரும் மேலே போனோம். செயின் இல்லை. உண்மைதான். சீட்டின் மேல் விரல் கனத்துக்குத் தூசி. கைப்பிடி இரண்டும் மட்டும் ஈரம்.

நான் அடையாளம் சொன்னேன். வழுக்கை, துண்டு, வெள்ளை ஷூ. எத்திராஜின் முகம் மாறியது. அந்த முரட்டு உடம்பு பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தது.

"அவரா..." என்றார். "நவம்பர்ல வந்தாரு சார். ஜெபசீலன்னு பேரு. பின்னாடி தெருதான். சேரணும்னாரு. புது ஷூ, துண்டு எல்லாம் ரெடியா வாங்கிகினு வந்தாரு. அந்த சைக்கிள்ல ஏறி ஒரு நிமிஷம் மிதிச்சாரு, அதுக்கே மூச்சு வாங்கிச்சு. நான் கலாய்ச்சிட்டேன் சார். இந்த பாடிக்கு ஜிம்மு இன்னாத்துக்கு, நேரா ஆஸ்பத்திரிக்குப் போன்னு. பசங்கோ எல்லாம் கைதட்டி சிரிச்சானுங்கோ. அப்படியே எறங்கிப் போனாரு. அன்னிக்கி ராத்திரியே ஹார்ட் அட்டாக்கு."

"நீங்க போய்ப் பார்த்தீங்களா?"

"எந்த மூஞ்சியோட சார் போறது?"

எனக்கு அப்போதும் புத்தி வரவில்லை. வீட்டுக்கு வந்து நடுக்கம் அடங்கியதும் பழைய ஏளனம் திரும்பியது. இறந்தவருக்கு அதே ஜாடையில் ஒரு தம்பி இருப்பான், பழி வாங்க ஏதோ நாடகம் ஆடுகிறான், அந்தக் குடிகார மாஸ்டருக்கு அது தெரியவில்லை என்று முடிவு கட்டினேன். எத்திராஜ் குடிப்பவரா என்பதுகூட எனக்குத் தெரியாது. கண்டுபிடித்தே தீருவது என்று ஞாயிற்றுக்கிழமை மாலை நாலரை மணிக்கு அந்த வீட்டுக்குப் போனேன்.

அவர் மனைவி தபீதாள் கதவைத் திறந்தார். பள்ளிக்கூட டீச்சராம். மேஜையில் திருத்தாத விடைத்தாள் கட்டு. சுவரில் ஜெபசீலனின் படம். அன்றுதான் அந்த முகத்தை முதல்முறை பார்த்தேன். சாதாரண, சாதுவான முகம்.

நான் ஒரு பொய் சொன்னேன். "அவரோட பழைய ஆபீஸ்ல கொஞ்ச நாள் இருந்தேன். இப்பதான் விஷயம் கேள்விப்பட்டேன்."

"உட்காருங்க சார். நவம்பர் பதினெட்டு. ராத்திரி சாப்பிடாமலே படுத்தார். எழுந்திருக்கலை."

"கூடப் பிறந்தவங்க..."

"யாரும் இல்ல சார். அவங்க அப்பா அம்மாவுக்கு அவர் ஒரே பையன்."

ஜிம் என்ற வார்த்தையையே நான் எடுக்கவில்லை. காபி கொடுத்தார். பாதி குடித்தேன். போதும் என்று எழுந்தேன். வாசல் கேட்டைத் திறக்கும்போது பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"சார்... காலைல அஞ்சு மணிக்கு வர்றது நீங்கதானே?"

கை கேட்டிலேயே நின்றது.

"அவர் சொன்னார். அனந்தகிருஷ்ணன்னு ஒரு சார் வர்றாரு, ஒரு வார்த்தை பேச மாட்டாருன்னு வருத்தப்படுவார். வியாழக்கிழமைதான் நீங்க முதல்ல பேசினீங்களாமே. வீட்டுக்கு வந்ததுலேர்ந்து அதே பேச்சு. அவ்வளவு சந்தோஷம்."

அந்த அம்மாவின் முகத்தில் பைத்தியமும் இல்லை, விளையாட்டும் இல்லை. என்னைப் பார்த்து நன்றியோடு சிரித்தார்.

கேட்டை விட்டுவிட்டுத் திரும்பினேன். எப்படியோ கேட்டேன்.

"நான்... என்ன பேசினேனாம்?"

"உடம்பு நல்லா இளைச்சிருக்குன்னு சொன்னீங்களாமே சார்."