அஞ்சலை விழுங்கிய உப்பு

உறுதி செய்துகொள்ளாமல் பேசியதால் நேர்ந்தது இது. ஆகவே நானே கண்டதையும் கேட்டதையும் மட்டும் எழுதுகிறேன்.

2005ஆம் ஆண்டுக் கோடையில், மரக்காணத்திலுள்ள எங்கள் உப்பளத்தில் கூலி வேலை செய்த அஞ்சலை வாரிய உப்பில் சேறு கலந்திருந்தது. அனைவர் முன்னும், "ஏம்மா, இத்த உன் வூட்டுக் கொழம்புல போடுவியா?" என்றேன். எல்லோரும் சிரித்தனர்.

"போடுவேங்க. துன்னவும் துன்னுவேன்" என்ற அவர், கை நிறைய அள்ளி வாயிலிட்டு, என்னைப் பார்த்தபடியே விழுங்கினார். சற்று நேரத்தில் வாந்தியெடுத்துச் சரிந்தார். மருத்துவமனையில் பிழைத்துக்கொண்டார்.

பிறகு அவர் உப்பு வாரிய பாத்தியில் இறங்கினேன், கால் புதைந்தது. பருவத் தொடக்கத்தில் தரையை மிதித்து இறுக்கும் வேலையைப் பாதியில் நிறுத்தச் சொன்னவன் நானே. யார் வாரியிருந்தாலும் சேறு வந்திருக்கும்.

இப்போது குறை கண்டால் முதலில் பாத்தியில் இறங்குகிறேன். பிறகே, தனியே அழைத்துக் கேட்கிறேன்.

அப்போது, தவறு என்னுடையதென்று சொல்ல அஞ்சலையின் வீட்டுக்குச் சென்றேன். பூட்டியிருந்தது. அதன்பின் அவர் வேலைக்கும் வரவில்லை. அவர் அதை அறிந்தாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.