பாக்கியம் அக்காவின் காரில் தொங்கிய தேசிக்காய்

பாக்கியம் அக்கா போய்விட்டார். குருக்கள்மடத்தில் கார் வைத்து வாடகைக்கு ஹயர் ஓடிய அதே பாக்கியம் அக்காதான்... இன்று பின்னேரம் அடக்கம் முடிந்தது. என் கராஜுக்கு வந்து கைகூடக் கழுவாமல் இதை எழுதுகிறேன்.

நெஞ்சு நோகிறது என்று ஆஸ்பத்திரிக்கும் தானே ஓட்டிக்கொண்டு போயிருக்கிறார். காரைக் கோட்டுக்குள் நேராக நிறுத்தி, ஹேண்ட்பிரேக்கும் இழுத்துவிட்டுத்தான் இறங்கியிருக்கிறார். வேறு யாருக்கு இது வரும்?

அழுகைப் பதிவு எனக்கு எழுத வராது. அவரும் வாசிக்க மாட்டார்.

அவரை முதன்முதலில் பார்த்தது கல்லடியில். பஸ்ஸைத் தவறவிட்டு, வந்த காருக்குக் கை காட்டினேன். வெள்ளை நிறம், பழைய ஜப்பான் கார். வேகம் குறைந்தது... நிற்கவில்லை.

"பாய்ஞ்சு ஏறு மனே! நிண்டா கொதிக்கும்!"

ஓடி ஏறினேன். ஏறியதும் கேட்டேன்: "ஓடக்குள்ள சூடாகாது, நிண்டாத்தான் சூடாகுமா?"

"ஓம்."

"அப்ப ரேடியேட்டர் பேன் சுத்துதில்ல."

"பெரிய கண்டுபிடிப்பு! புது பேன் போட்டாச்சு, புது ரேடியேட்டரும் போட்டாச்சு. நீ என்ன போடப்போறா?"

"ஒண்டும் போடமாட்டன். முதல்ல டெஸ்ட் பண்ணுவன்."

"வாய் மட்டும் நல்லா ஓடுது உனக்கு" என்றார். காத்தான்குடியில் நான் இறங்கியதும் ஓடுகிற காரில் இருந்துதான்.

அதற்குப் பிறகும் அவர் என் கராஜ் பக்கம் வரவில்லை. ஊர் முழுக்க ஓடி ஏறி, ஓடி இறங்கப் பழகியிருந்தது. கிழவிகள்கூட.

அக்காவின் மகளுக்குக் கல்யாணம் வந்ததும்தான் பிரச்சினை. மணப்பெண் ஏறும் பொம்பிளைக் கார் மேளத்துக்குப் பின்னால் நடைவேகத்தில்தானே போகவேண்டும்? அந்த வேகத்தில் போனால் இந்தக் கார் கோயிலுக்குப் போய்ச் சேராது. பாதி வழியில் ஆவி பறக்கும். மாப்பிள்ளை வீட்டார் புதுக் கார் அனுப்புகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். அக்காவுக்கு வந்ததே கோபம்! நேரே என் கராஜுக்கு வந்து நின்றார்.

"இந்தக் கார் ஓடித்தான் அவள வளத்தன். வேற காருல அவள் ஏறினா நான் கோயில் வாசல் மிதிக்கமாட்டன். செய் மனே. கெதியாச் செய்."

நான் பொனட்டைத் திறந்தேன். இந்தக் காரில் பேன் சுற்றவேண்டும் என்று சொல்வது ரேடியேட்டரின் கீழ் மூலையில் இருக்கும் ஒரு சின்ன சென்சர். தண்ணீர் சூடானால் அதன் இரண்டு வயரும் உள்ளே சேரும், பேன் சுற்றும். அவ்வளவுதான் விஷயம். கனெக்டரைக் கழற்றி இரண்டு முனையையும் ஒரு வயர்த் துண்டால் சேர்த்தேன். சுற்றவில்லை. நாலு விரல் மேலே வயரைச் சுரண்டி அங்கே சேர்த்தேன்... சுற்றியது!

அப்படியென்றால் இடையில் வயர் அறுந்திருக்கிறது. வெளியே பார்த்தால் முழுசு, உள்ளே செம்பு துண்டாகிக் கிடந்தது. கனெக்டருக்குள்ளே பச்சையாகப் பூத்துப்போயிருந்தது.

ஏன் அறுந்தது? டோர்ச் அடித்துப் பார்த்தேன். அந்த வயரில் ஒரு நூல். நூலில் ஒரு தேசிக்காய், எலுமிச்சைதான், கூடவே செத்தல் மிளகாய்.

"அக்கா... இத ஆர் கட்டின?"

"நான்தான். கண்ணூறுக்கு, ஊர்க் கண் படாம. வெள்ளிக்கு வெள்ளி மாத்துவன்."

"பழசை எப்படிக் கழட்டுவீங்க?"

"பிடிச்சு ஒரே இழுவை!"

வெள்ளிக்கு வெள்ளி ஒரே இழுவை. மற்ற நாட்களில் கனெக்டருக்குள் தேசிக்காய்ப் புளி சொட்டியிருக்கிறது. இதற்கு ரேடியேட்டர் மாற்றியிருக்கிறார்கள், பேன் மாற்றியிருக்கிறார்கள். குனிந்து பார்க்க ஒருத்தருக்கும் நேரமில்லை!

பச்சை பிடித்த துண்டை வெட்டி எறிந்தேன். பளபளக்கிற செம்பு வரும்வரை வெட்டி, கழற்றிய கார் ஒன்றில் இருந்து எடுத்த நல்ல கனெக்டரை சோல்டர் வைத்துப் பொருத்தி, மேலே டியூப் போட்டுச் சூடாக்கி இறுக்கினேன். காரை நிறுத்தியபடியே ஓடவிட்டோம். சூடு காட்டும் முள் ஏறியது... ஏறியது... பேன் 'ங்ங்ங்' என்று கிளம்பியது. அக்கா கைதட்டினார்.

தட்டி முடித்துவிட்டுப் புதுத் தேசிக்காயை எடுத்தார்.

"அக்கா, இனி அதில கட்டினா நான் வயரக் கழட்டிருவன்."

"தேசிக்காய் இல்லாம என்ட கார் வீதிக்கு இறங்காது!"

கத்தினேன், அவரும் கத்தினார். கடைசியில் நம்பர் பிளேட்டுக்குக் கீழே ஒரு கொக்கி போட்டுக் கொடுத்தேன். மணிக்கணக்கில் சண்டை பிடித்தது அந்தக் கொக்கிக்குத்தான்.

கல்யாணத்தன்று மேளத்துக்குப் பின்னால் அந்த வெள்ளைக் கார் ஊர்ந்து வந்தது. பொம்பிளை பின்சீட்டில், அக்கா பட்டுச்சேலையோடு ஸ்டியரிங்கில். பாதி வழியில் கண்ணாடியை இறக்கி, மேளத்துக்கு மேலால் ஒரு சத்தம்.

"மனே! சுத்துதடா!"

மேளகாரர் பயந்து ஒரு அடி தவறவிட்டார்.

பிறகு எல்லோரிடமும் அவர் சொன்ன கதை வேறு: "வயர் போட்டது அவன்தான். ஆனா கண்ணூறு கழிஞ்சது தேசிக்காய இடம் மாத்தினதாலதான்." எத்தனை தரம் விளக்கியும் பிரயோசனமில்லை. கல்லடிப் பாலத்து நெரிசலில் அவர் நிற்கும்போதெல்லாம் எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வொய்ஸ் வரும். ஒரு வார்த்தையும் இருக்காது. பேன் சுத்துகிற சத்தம் மட்டும்.

இன்று பிரேத வண்டிக்குப் பின்னால் அந்தக் காரை மகள் ஓட்டி வந்தாள். பெண்கள் மயானத்துக்கு வாறதில்லை என்று ஒரு பெரியவர் மறித்தார்.

"நான் போகல்ல சித்தப்பா. அம்மாட கார் போகுது. ஓட்ட ஒரு ஆள் வேணும்தானே?"

பெரியவர் விலகிவிட்டார். நான் சிரித்துவிட்டேன்... சாவு வீட்டு ஊர்வலத்தில்.

நம்பர் பிளேட்டுக்குக் கீழே புதுத் தேசிக்காய். நடைவேகம். மயானத்துக்குப் போகும் ஒழுங்கையில் திரும்பும்போது, மேளம் நின்ற இடைவெளியில்... 'ங்ங்ங்'.

பேன் சுத்துது அக்கா. ஆறுதலாப் போங்க.