தண்ணீருக்கு முன்னால் நின்ற வேன்

2024 நவம்பர் 12, செவ்வாய். சுங்கை ஊடாங் எண்ணெய் ஆலையில் வேலை முடிந்து, வழக்கம்போல் ஐந்து மணிக்குக் கம்பெனி வேனில் ஏறினேன். பாதுகாப்பு அதிகாரியும் வழக்கம்போல் கதவுப் பிடியை இருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

சிம்பாங் அம்பாட்டுக்கு முன்னால் வெள்ளம் சாலையை மூடியிருந்தது. பின்னால் கார்கள் நெருக்கி நின்றதால் திரும்பிப் போகவும் வழியில்லை. டிரைவர் ஆபத்துக்குச் சிமிட்டும் ஹசார்ட் லைட்டைப் போட்டார்.

"முன்னாடி லோரி போயிருச்சுண்ணே, நாமளும் போயிரலாம் லா."

"வேணாம் தம்பி," என்றார் அதிகாரி. "ஹசார்ட்னா மொதல்ல அரபுல சூதாடுற தாயக்கட்டையாம். ஸ்பெயின் வழியா இங்கிலீஷுக்கு வந்து ஆபத்துன்னு ஆயிருச்சு. இத்தன பேர வச்சு உருட்டக் கூடாது."

"பாடம் எடுக்க நல்ல நேரம் பாத்தாரு," என்று பின்னால் ஒருவர் முணுமுணுத்தார்.

அதிகாரியின் கைபேசி ஒலித்தது. "தண்ணி வடியட்டும், வந்துர்றேன். அம்மா கைய விட்டுறாத," என்றார். அவருடைய அம்மா ஆஸ்பத்திரியில் கடைசி நிலையில் இருப்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. டிரைவர் சாவியில் கை வைத்தபடி திரும்பிப் பார்த்தார். அதிகாரி தலையசைத்து மறுத்தார். இருட்டும்வரை அடைபட்டுக் கிடந்தோம்.

லோரி போன வழியில் நாங்களும் கடந்திருக்கலாம், கடக்காமலும் போயிருக்கலாம்.

மறுநாள் காலை வேனில் அதிகாரியின் இடம் காலியாக இருந்தது. அவர் போய்ச் சேர்வதற்குள் அம்மா இறந்துவிட்டதாக டிரைவர் சொன்னார். நான் முதல் வேலையாகக் கதவுப் பிடியை இருமுறை இழுத்துப் பார்த்தேன்.