அக்காவின் அறையில் அழுகிய பழங்கள்

“பழம் வேண்டாம் என்று வருகிறவர்களிடம் சொல். இருப்பதை இன்றே யாருக்காவது கொடு. நாற்றம் தாங்கவில்லை.”

சென்ற ஆண்டு ஜூன் மாதத்து மூன்றாம் செவ்வாய்க்கிழமைக்குரிய நாள்காட்டித் தாளின் பின்புறம் அக்கா பென்சிலால் எழுதியவை இவை. கிழித்த தாளை எறிகிற வழக்கம் அக்காவுக்கு இல்லை. வாங்க வேண்டிய காய், ஊறுகாய் போட்ட நாள், சலவைக்குப் போட்ட துணி எல்லாம் அதன் பின்புறத்தில்தான். ஆகவே அக்கா எழுதிய எதற்கும் தேதி தேட வேண்டியதில்லை. தாளைத் திருப்பினால் போதும். கிழித்ததற்கு மறுநாள் எழுதியதாகவும் இருக்கலாம் என்பதால் ஒரு நாள் பிழைக்கு இடமுண்டு. அந்தச் செவ்வாய்க்கு ஒன்பது நாள் கழித்து, வியாழக்கிழமை விடியற்காலையில் அக்கா நம்மை விட்டுப் பிரிந்தார்கள். அந்த ஒன்பது நாளில் அக்காவின் கட்டளைகளில் எதையும் நான் உருப்படியாக நிறைவேற்றவில்லை.

ஓராண்டு நிறைவுக்கு நம் குடும்பம் அச்சிடும் நினைவு மலரில் எல்லோரும் எழுதுவதுபோல நானும் எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் நம் உறவுக்குள் ஒரு பேச்சு இருக்கிறது. அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்து வாசலிலேயே அது என் காதில் விழுந்தது. எனக்குச் சித்தி முறையாக வேண்டிய ஒருவர், செருப்பைத் தேடிக்கொண்டே, பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார்: “மகன் வெளிநாட்டுல சம்பாதிச்சு என்ன? மார்க்கெட்டுல கழிச்சுப் போட்ட அழுகப் பழத்தத் தின்னுல்லா இவ போய்ச் சேந்தா.”

ஓராண்டில் அந்தப் பேச்சு அக்கா வேலை பார்த்த நாசரேத் ஊர் வரை போய்த் திரும்பியிருக்கிறது. அது மெய்யா, பொய்யா என்பதை எனக்குத் தெரிந்த மட்டும் இங்கே எழுதி வைக்கிறேன்.

அக்கா பிறந்தது விளாத்திகுளத்துக்கு வடக்கே, கரிசல் காட்டு நடுவில் ஒரு சிற்றூரில். அப்பா மிஷன் பள்ளி ஆசிரியர். அம்மா இறந்தபோது அக்கா எட்டாம் வகுப்பு. எனக்கு மூன்று வயது. அன்றுமுதல் வீட்டுச் சமையல் அக்கா கையில். அந்த ஊரில் வாரத்துக்கு ஒரு சந்தை. வெள்ளிக்கிழமை வாங்கிய கத்தரிக்காய் அடுத்த வியாழக்கிழமைக் குழம்புக்கு இருக்க வேண்டும். இல்லையென்றால் வியாழக்கிழமை குழம்பு இல்லை. அக்காவின் சிக்கனம் கஞ்சத்தனமல்ல. பன்னிரண்டு பதின்மூன்று வயதில் பசியோடு போட்ட கணக்கு அது. வியாழக்கிழமை குழம்பு இல்லாத வாரம் எனக்கு ஒன்றுகூட நினைவில் இல்லை.

படிப்பு முடிந்ததும் தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை பார்த்த அத்தானுக்கு வாழ்க்கைப்பட்டார்கள். ஆறு ஆண்டுகளில் அத்தான் காலமானார்கள். கைக்குழந்தையோடு நாசரேத்தில் ஒரு பெண்கள் போர்டிங்கில் சமையற்கூடப் பொறுப்பாளராகச் சேர்ந்தார்கள். ஓய்வு பெறும்வரை அங்கேதான்.

அங்கே நடந்த ஒன்றை நேரில் பார்த்தேன். கல்லூரி விடுமுறையில் போயிருந்தேன். காய்கறி கொண்டுவருகிற குத்தகைக்காரர் உருளைக்கிழங்கு மூட்டைகளை இறக்கினார். அக்கா மேலே கிடந்த கிழங்குகளைப் பார்க்கவே இல்லை. மூட்டையைத் தலைகீழாகக் கவிழ்க்கச் சொன்னார்கள். அடியில் கிடந்தவை கிழங்கல்ல, கூழ். பழுப்பு நிறத்தில் வழிந்தது. அந்த நாற்றம் சாக்கடை நாற்றத்தைவிடக் கொடியது. நான் சுவரோரம் போய் ஓங்கரித்தேன்.

“பிள்ளையளுக்கு என்னக்கா தெரியப் போவுது? வெந்தா எல்லாம் ஒண்ணுதான்” என்றார் குத்தகைக்காரர்.

“அப்ப இதுல ஒண்ண எடுத்து நீரு தின்னும். நான் பாக்கட்டும்.”

அவர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. ஒரு கிழங்கைத் தட்டில் வைத்து அவர் முன் நீட்டியபடி நின்றுகொண்டே இருந்தார்கள். மூட்டை அப்படியே வண்டியில் ஏறிப் போயிற்று. அழுகிய பண்டத்தை மலிவுக்கு வாங்கித் தின்றவர் என்று இவரைத்தான் சொல்கிறார்கள்.

ஓய்வுக்குப் பிறகு தூத்துக்குடி வீட்டுக்கே வந்தார்கள். நானும் என் மனைவியும் துணைக்கு அங்கேயே குடிவந்தோம். மார்க்கெட்டுக்கு அக்கா போகிற நேரம் காலை பத்தரை, பதினொன்று. “விடியக் காலம் போனா விலை, பொழுது அடையப் போனா குப்பை” என்பார்கள். பத்தரைக்குள் வியாபாரிகள் மூட்டையைத் தட்டித் தரம் பிரித்திருப்பார்கள். லாரியில் நசுங்கியவை, காம்பு ஒடிந்தவை, கோணல்மாணலானவை ஓரத்தில் ஒரு குவியலாகக் கிடக்கும். அக்காவின் கண் அதில்தான்.

“அண்ணாச்சி, இந்தத் தக்காளி லாரியில வந்துதா, லாரிக்கு அடியில வந்துதா?”

“வந்துட்டியளாக்கா? இன்னிக்கு யாவாரம் வெளங்குனாப்பலதான்.”

“ஓரத்துல கெடக்கத என்ன விலைக்குக் குடுப்பிய?”

“அது மாட்டுக்குல்லா வச்சிருக்கேன். சும்மா கொண்டு போங்க.”

“சும்மா குடுக்கத நான் வாங்க மாட்டேன். சும்மா வாரது எல்லாம் அழுகலாத்தான் இருக்கும். விலையச் சொல்லுங்க, பொறுக்கிக்கிடுதேன்.”

பொறுக்குவார்கள். ஒவ்வொன்றையும் பெருவிரலால் அமுக்கி, காம்புப் பக்கம் மூக்கருகே கொண்டுபோவார்கள். அடிபட்டது வேறு, அழுகியது வேறு. அடிபட்டதில் தோல் கன்றியிருக்கும், மணம் மாறியிருக்காது, அன்றே சமைத்துவிடலாம். அழுகியதில் புளித்த வாடை முதலில் வரும், கண்ணுக்கு இரண்டு நாள் கழித்துத்தான் தெரியும். அந்தக் குவியலில் பாதியை அக்கா தள்ளிவிடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். தூரத்திலிருந்து பார்த்த நம்மவர்களுக்கோ அக்கா அந்தக் குவியலின் முன் குனிந்திருந்தது மட்டுமே தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் கன்றியவை அன்றைய அடுப்புக்கு. நல்ல தக்காளி காம்பு கீழே பார்க்க, ஒன்றோடொன்று முட்டாமல் தட்டில். பச்சை மிளகாய் காம்பு கிள்ளி உலர்ந்த துணியில். இஞ்சி ஈர மணலில். வெங்காயமும் உருளைக்கிழங்கும் ஒரே கூடையில் இருந்தால் இரண்டும் கெடும் என்று எதிரெதிர் மூலையில். ஐப்பசியில் கடற்காற்று ஈரத்தோடு அடிக்கும்போது எல்லாவற்றையும் எடுத்துத் துடைத்து மறுபடி அடுக்குவார்கள். மிஞ்சிய கத்தரிக்காய் வற்றலாகும். பீர்க்கங்காய்த் தோல் துவையலாகும். எங்கள் வீட்டுக் குப்பைத் தொட்டியில் காய்கறி நாற்றம் வந்து நான் அறியேன்.

அக்காவின் மகன், என் மருமகன், ஷார்ஜாவிலிருந்து பணம் அனுப்பி, ஆள் உயரத்துக்கு இரட்டைக் கதவு பிரிட்ஜ் ஒன்று வாங்கி வைத்தான். அக்கா அதில் பாலும் மாவும் மட்டும் வைத்தார்கள். “கண்ணுக்கு மறைவா வச்சா கருத்துக்கும் மறஞ்சு போகும்ல. உள்ள கெடந்து நாறுன பொறவுதான் ஞாபகம் வரும்.”

சென்ற ஆண்டு சிறுநீரகம் இரண்டும் கைவிட்டன. வயதையும் இதயத்தையும் பார்த்த மருத்துவர், மருந்தோடு வீட்டிலேயே இருக்கட்டும் என்றார். தண்ணீர் அளவோடு. பழம் அறவே கூடாது; அதிலுள்ள சத்து வெளியேற வழியில்லாமல் இதயத்தை நிறுத்திவிடும் என்று என்னிடமும் அக்காவிடமும் சேர்த்தே சொன்னார். செய்தி பரவியது. உறவினர்கள் வந்தார்கள். வந்த ஒவ்வொருவர் கையிலும் பழப்பை.

என் நாட்குறிப்பின்படி பதினேழு பைகள். ஆப்பிள், சாத்துக்குடி, திராட்சை, மாதுளை. எல்லாம் முடிச்சுப் போட்ட பாலித்தீன் பைக்குள் வியர்த்துக்கொண்டிருந்தவை. மேசை நிறைந்தது. அந்தப் பெரிய பிரிட்ஜ் நிறைந்தது. பிறகு கட்டிலுக்கு அடியில். நாலாம் நாள் திராட்சைப் பையில் சாறு கட்டியது. ஐந்தாம் நாள் பொடி ஈக்கள் வந்தன. அக்காவின் வாயோரத்திலும் உட்கார்ந்தன. சாத்துக்குடியின் அடியில் பச்சைப் பூஞ்சை. தொட்டால் விரல் உள்ளே போயிற்று. வாழ்நாள் முழுவதும் ஒரு தக்காளியை வீணாக்காத மனுஷி, எழ முடியாமல், அந்த நாற்றத்தில் கிடந்தார்கள்.

எறிந்திருக்கலாமே என்று கேட்பீர்கள். வந்தவர்கள் மறுமுறை வந்து பார்த்தார்கள். “போன வாரம் நான் வச்ச ஆரஞ்சு அங்கனயே இருக்கே? தொடவே இல்லியா?” அவர்கள் முகம் வாடக் கூடாதென்று வைத்திருந்தோம். அக்கம்பக்கத்தில் கொடுக்கப் போனேன். “சீக்காளி வீட்டுப் பழம் பிள்ளையளுக்கு வேண்டாம்யா” என்று கதவைச் சாத்தினார்கள். என் கோழைத்தனத்துக்கு இவை காரணமாகா. நடந்தது இது என்று மட்டும் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, மேலே சொன்ன சித்தி வந்தார். அவர் கையிலும் ஒரு பை.

“டாக்டர் பழமே ஆகாதுன்னுட்டாவ சித்தி” என்றாள் என் மனைவி.

“டாக்டர் ஆயிரம் சொல்லுவான். வெறுங்கைய வீசிக்கிட்டு வர முடியுமாளா? நாலு பேரு என்ன சொல்லுவாவ?”

கட்டிலிலிருந்து அக்கா சொன்னார்கள்: “அப்ப அந்த நாலு பேரையும் கூட்டிட்டு வாங்க சித்தி. அவியளே தின்னுட்டுப் போகட்டும்.”

சித்தி அதை வேடிக்கையாக எடுத்துக்கொண்டு, பையைக் கட்டிலடியில் தள்ளிவிட்டுப் போனார்.

அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை, தூரத்து உறவினர் ஒருவர் புறப்படும்போது, வேறொருவர் கொண்டுவந்த பையை அவர் தலையில் கட்டி அனுப்பியிருந்தேன். ஒரு பை குறைந்ததே என்று நிம்மதி. திங்கட்கிழமை வேறு ஒருவர் ஒரு பையோடு வந்து, வைத்துவிட்டுப் போனார். அவர் படியிறங்கியதும் அக்கா என்னைக் கூப்பிட்டார்கள்.

“ஏல, அந்த மாதுளம்பழத்த எடு. கிரீடத்துல ஒரு பல்லு ஒடிஞ்சிருக்கா பாரு.”

ஒடிந்திருந்தது.

“வெள்ளிக்கிழம இங்கன இருந்து போனதுல்லா அது? எத்தன வீடு சுத்திட்டு வந்திருக்கோ. நம்மள விட அதுக்குத்தான் ஊர்ல சொந்தம் அதிகம்.”

நாட்குறிப்பைப் பார்த்தேன். அக்கா சொன்னது சரி. அறுத்தபோது உள்ளே முத்துகளுக்குப் பதில் கறுப்புத் தூளும் ஒரு வெள்ளைப் புழுவும். மூன்று குடும்பங்களாவது அதை அன்பளிப்பாகக் கைமாற்றியிருக்கின்றன. ஒருவர்கூட அறுத்துப் பார்க்கவில்லை. அக்கா சிரித்தார்கள். இந்தக் கடற்கரையில் முத்துக் குளித்த காலத்தில் சிப்பிகளைக் கரையில் குவித்து, புழுத்து அழுகவிட்டுத்தான் முத்தெடுப்பார்கள் என்று முன்பு நான் படித்துச் சொல்லியிருந்தேன். “சிப்பிய அழுக விட்டா முத்தாவது கிடைக்கும். இந்த ஆப்பிள அழுக விட்டு நீ என்னத்தல எடுக்கப் போற?” அக்கா என்னிடம் பேசிய கடைசி வேடிக்கைப் பேச்சு அது.

புதன்கிழமை மதியம் தருவைகுளத்து மீன்கார அம்மாள் வந்தார். நெடுநாளாக எங்கள் வீட்டுக்கு மீன் கொடுத்தவர். அக்காவைப் பார்க்க வெறுங்கையோடு வந்தவர் அவர் ஒருவரே. வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டார். “என்னய்யா, எம் மீன்கூடைய விட ஒங்க வீடுல்லா நாறுது!” என்னை விலக்கிவிட்டு உள்ளே போனார். கட்டிலடியிலிருந்து பைகளை இழுத்தார், தேறாததை வாளியில் கொட்டி மூன்று நடை தெருமுனைக்குச் சுமந்தார், தரையைப் பினாயில் ஊற்றிக் கழுவினார், அக்காவின் முகத்தைத் துடைத்துவிட்டார். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு இருவரும் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் செய்யாததை ஒரு மதியத்தில் செய்த அந்த அம்மாளுக்கு எங்கள் குடும்பத்தின் முதல் நன்றி. இரவு பகல் பாராமல் வந்த மருத்துவருக்கும், ஜெபித்த போதகருக்கும், அடக்கத்துக்கு உதவிய தெருவாருக்கும் நன்றி. பழம் கொண்டுவந்த பதினேழு பேருக்கும் நன்றி சொல்வது மரபு, சொல்லிவிட்டேன்.

இனி அந்தப் பேச்சைப் பற்றி. அழுகிய பழத்தை அக்கா மார்க்கெட்டில் வாங்கித் தின்றார்கள் என்பது பொய். படுத்தபின் இந்த வீட்டுக்கு நாங்கள் ஒரு பழமும் வாங்கவில்லை. வந்தவை எல்லாம் நீங்கள் கொண்டுவந்தவை. எதுவும் தின்னாமலேயே அந்த வாரத்தில் நின்றிருக்கக்கூடிய இதயம்தான் அது என்று மருத்துவரும் சொன்னார். இங்கேயே முடித்தால் எனக்கு வசதி. ஆனால் என் நாட்குறிப்பில் இன்னும் ஒரு வரி இருக்கிறது.

புதன்கிழமை மாலை, அந்த அம்மாள் போனபின், அக்காவின் கட்டில் பக்கத்து முக்காலியில் ஒரு தட்டு இருந்தது. அதில் ஒரு மாம்பழத்தின் தோல். கெட்ட பகுதி மட்டும் மெல்லிசாகத் தனியே சீவப்பட்டிருந்தது. வெள்ளை வெளேரென்று சூப்பிய கொட்டை. அக்கா உறங்கிக்கொண்டிருந்தார்கள். எழுப்பிக் கேட்கவில்லை. மறுநாள் கேட்க அக்கா இல்லை. நானோ என் மனைவியோ தின்னவில்லை. பதினேழு பைகளில் மாம்பழம் இருந்தது ஒரே பையில். அது ஞாயிற்றுக்கிழமை சித்தி கொண்டுவந்தது. இது உறுதி.

அக்கா அதைத் தின்றிருக்கக் கூடாது என்று நினைப்பதா, கடைசியாக ஒரு பழத்தை ருசித்துத் தின்றிருக்கட்டும் என்று நினைப்பதா, எனக்கே தெரியவில்லை. மீன்கார அம்மாளைக் கேட்கத் தருவைகுளத்துக்கு இருமுறை போனேன். மகள் வீட்டுக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். எந்த ஊர் என்று அக்கம்பக்கத்தார் ஆளுக்கொன்று சொன்னார்கள். அந்த மாம்பழத்தைத் தின்றது அக்காவா, அந்த அம்மாளா என்பது இந்த மலர் அச்சுக்குப் போகும் நாள்வரை உறுதி செய்யப்படவில்லை.