கை எடுத்தாச்சு

மெக்கானிக் நஸ்ருல்லாவுக்கு அன்றைக்குக் காலையிலிருந்தே இடுப்பு விண்விண் என்று தெறித்தது. அதைச் சாக்காக வைத்து, வெயிலில் ஏதோ தோன்றியிருக்கும் என்று யாரும் சொல்ல வேண்டாம். நடந்தது நடந்ததுதான். போன மே மாதம், ஸ்ரீரங்கம் வடக்கு உத்தர வீதி, பட்டப்பகல்.

வாடிக்கைக்காரர் ரெங்கராஜின் பழைய கார் கொதித்து நின்றிருந்தது. ரேடியேட்டர் ஃபேன் மோட்டார் எரிந்துபோயிருந்தது. புது மோட்டாரைக் கையில் கொடுத்துவிட்டு அவர் சாப்பிடப் போனார். நஸ்ருல்லா பேட்டரி டெர்மினலைக் கழற்றிவிட்டு வேலையை ஆரம்பித்தார். எஞ்சின் சூடாக இருந்தால் இந்த ஃபேன் சாவி போடாமலே சுற்றும்.

அதனால் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. ஃபேனில் கை வைத்தவர் "கை எடுத்தாச்சு" என்று குரல் கொடுத்த பிறகுதான் மற்றவர் டெர்மினலைப் போடுவார். ஆறு வருஷத்துக்கு முன் நஸ்ருல்லா அந்தக் குரலுக்குக் காத்திருக்கவில்லை. கூட்டாளி அப்துல் அஹதின் வலக்கையில் இரண்டு விரல் போனது. "அஹத் பாய் குரல் கொடுத்த பிறகுதான் போட்டேன்" என்று நஸ்ருல்லா முதலாளியிடம் சாதித்துவிட்டார். அஹத் மறுத்துப் பேசவில்லை. வேலையை விட்டுவிட்டு மணப்பாறைக்கே போய்விட்டார். நஸ்ருல்லா ஒருநாளும் போய்ப் பார்க்கவில்லை.

மணி 2.20. புது மோட்டார் உட்கார்ந்துவிட்டது. கடைசி நட்டு கைதவறி உள்ளே விழுந்தது. இடுப்பு குனிய விடவில்லை. பையிலிருந்து காந்தத்தை எடுத்துக்கொண்டு திரும்பினால்... நட்டு ரேடியேட்டர் மேல் இருந்தது. துடைத்து வைத்த மாதிரி.

கிராம்பு வாசனை அடித்தது. அஹத் எந்நேரமும் வாயில் கிராம்பு அடக்கியிருப்பார்.

மணி 2.35. ஃபேன் இறக்கைக்குப் பின்னால் ஒயர் தொங்கியது. இடக்கையை உள்ளே விட்டு அதை ஒதுக்கிப் பிடித்தபடியே, வலக்கையால் டெர்மினலைப் பேட்டரியில் போடத் தூக்கினார். வலியில் புத்தி வேலை செய்யவில்லை.

"நஸ்ரு... கை."

காதருகே.

உதறி இழுத்தார். டெர்மினல் நழுவி பேட்டரியில் பட்டது.

டக்.

விர்ரென்று சுற்றி நின்றது ஃபேன். கை இருந்த இடத்தில்.

எதிரே, கிரில் ஓரத்தில்... ஒரு வலக்கை. மூன்றே விரல்.

"கை எடுத்தாச்சு. போடு."

வீதியில் ஒருவரும் இல்லை.

4.10க்கு போன் வந்தது. அஹத் மவுத். காலை பதினொன்றரைக்கே உயிர் போய்விட்டது.

அந்தி மஃரிபுக்குப் பிறகு மணப்பாறையில் ஜனாஸா தொழுகை. அஹதின் மகன் தஹ்ஸீன் வழக்கப்படி கேட்டான்.

"எங்க அத்தா யாருக்காவது பாக்கி வச்சிருந்தா சொல்லுங்க. நான் தரேன்."

இறந்தவருக்கு யார் பாக்கி என்று கேட்கிற வழக்கம் இல்லை. நஸ்ருல்லா சொல்ல வாய் திறந்தார்... அதற்குள் தொழுகை தொடங்கிவிட்டது.

அஹதிடம் அவர் மன்னிப்புக் கேட்கவேயில்லை. அது இன்னும் பாக்கி.