ஜெசிந்தா அக்காவின் வாரம்

போன சனிக்கிழமை மாலை மாதா எங்கள் ஃபிளாட்டுக்கு வந்தாள். காரில், முன் இருக்கையில், சீட் பெல்ட் போட்டுக்கொண்டு. கொண்டுவந்தவர் எங்கள் அன்பியத்தின் பொறுப்பாளர். வங்கியில் வேலை, எதையும் பத்திரமாகக் கையாள்கிற மனிதர். அன்பியம் என்பது அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் வாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபம் சொல்லும் குழு. கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் மாதா சுரூபம் முறைவைத்து ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வாரம் தங்கும்.

பெட்டியைச் சாப்பாட்டு மேசையில் இறக்கிவிட்டு அவர் சொன்னார்: "சார், அடுத்த வாரம் மூணாவது மாடிக்காரங்க ஊர்ல இல்ல. அவங்க வாரத்தையும் நீங்களே வெச்சுக்கோங்களேன். குடுத்து வெச்சவங்க சார் நீங்க."

அவர் முடிப்பதற்குள் "வேண்டாம்" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. அவர் போனதும் என் மனைவி, "மாதாவ வேணாம்னு திருப்பி அனுப்புற முதல் ஆள் நீங்கதான்" என்றாள். காரணத்தை அவளிடம் சொல்ல வேண்டும். அதற்கு முன் உங்களிடம் சொல்லிப் பார்க்கிறேன்.

இந்தப் புதுப் பெட்டி ஃபைபரில் செய்தது. உள்ளே குட்டி பல்பு எரிகிறது. முகர்ந்து பார்த்தேன், ஒரு வாசனையும் இல்லை. சாந்தோமில் நாங்கள் குடியிருந்தபோது வந்த பெட்டி பிளைவுட். உருகிய மெழுகு, காய்ந்த மல்லிகை, கடற்காற்றில் ஊறிய மரம் எல்லாம் சேர்ந்து ஒரு வாசனை அடிக்கும். அதை இருவர் தூக்கிக்கொள்ள, ஒருவர் மெழுகுவர்த்தியோடு முன்னால் நடப்பார். காற்று தெருமுனைக்குள் அதை அணைத்துவிடும் என்பதால் தீப்பெட்டிக்கென்று ஓர் ஆள் உண்டு. அந்த ஆள் நான். அப்போது ஒரு பத்திரிகையில் உதவி ஆசிரியராக இருந்தேன். என் வார விடுமுறை ஜெபக் கூட்டத்தோடு ஒத்துப்போனதால் கிடைத்த பதவி அது.

தொழில் புத்தி லேசில் விடாது. மற்றவர்கள் மன்றாட்டுச் சொல்லும்போது மனதுக்குள் வெட்டிச் சுருக்கிக்கொண்டிருப்பேன். சிலர் உலக சமாதானத்தில் தொடங்கிப் பேரனின் பல்வலிக்கு வந்துசேர ஒரு முழுப் பக்கம் பிடிக்கும். வெட்டவே இடம் தராதவள் ஜெசிந்தா அக்கா. ஆற்று முகத்துவாரத்தை ஒட்டிய குப்பத்தில் வீடு. கணவர் கடலுக்குப் போவார், அவள் சாயங்காலங்களில் கடற்கரையில் மீன் வறுத்து விற்பாள். எங்கள் குழுவில் குப்பத்திலிருந்து வந்த ஒரே வீடு. அவளுடைய மன்றாட்டு எப்போதும் ஒரே வரி: "எங்க வூட்டு மேல யாரும் கை வெக்கக் கூடாது மாதாவே." குப்பத்தைக் காலி செய்யப்போகிறார்கள் என்ற பேச்சு வருவதும் அடங்குவதுமாக இருந்த காலம். ஜெபமாலையிலும் அவள் அப்படித்தான். ஒவ்வொரு மணிக்கும் சொல்லும் ஜெபத்தின் முதல் பாதியை நாங்கள் முடிப்பதற்குள் "அர்ச்சிஷ்ட மரியாயே" என்று அடுத்த பாதிக்குள் நுழைந்துவிடுவாள். அடுப்பில் எண்ணெய் வைத்துவிட்டு வந்தவளின் அவசரம்.

எங்கள் வீட்டு மன்றாட்டு அப்பாவைப் பற்றியது. அப்பா டிராயிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பக்கவாதம் வந்து இடது பக்கம் தளர்ந்துவிட்டது. முயன்றால் நடக்கலாம் என்றார் டாக்டர். அப்பா முயலவில்லை. கூடத்துக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்தவர், படுத்தவர்தான். நாங்கள் கெஞ்சினோம். எங்கள் கோவிலின் பங்குச் சாமியார் வந்து கெஞ்சினார். கெஞ்சக் கெஞ்ச அவர் சுவருக்கு இன்னும் நெருக்கமாகப் போனார்.

அந்த வருட மழையில் மாதா எங்கள் வீட்டில் இருந்தாள். அடுத்த வாரம் ஜெசிந்தா அக்காவின் முறை. அதற்குள் ஆறு ஏறிக் குப்பத்துக்குள் வந்துவிட்டது. குப்பத்துக்காரர்கள் பள்ளிக்கூடத்து ஹாலில் தங்கினார்கள். அவர்களுக்கு அன்பியங்கள் சமைத்துப் போடுவது என்று பங்கில் முடிவானது. எங்கள் வீடு மேட்டில் இருந்தது, கையில் இரண்டு சிலிண்டரும் இருந்தன. கூடம் சமையற்கூடமாகிவிட்டது. அண்டாவின் ஆவியில் மாதாவின் கண்ணாடி வேர்த்துக்கொண்டே இருந்தது.

சமைக்க வந்தவர்களில் முதல் ஆள் ஜெசிந்தா அக்கா. தன் வீட்டில் இடுப்பளவு தண்ணீர் நிற்க, எங்கள் வீட்டில் முந்தானையைச் செருகிக்கொண்டு நின்றாள். மூட்டையை இறக்க இடம் தேடியவள் கட்டிலுக்கு வந்தாள்.

"சார், கொஞ்சம் எந்திரிச்சி அந்தாண்ட குந்து. வெங்காயம் கொட்டணும்."

அம்மா பதறி, "ஜெசிந்தா, அவரால முடியாதும்மா" என்றாள்.

"படுக்க முடியிது, குந்த முடியாதா? புடிக்கா அந்தப் பக்கம்."

அப்பா திரும்பிப் பார்த்தார். அந்த வீட்டில் வெகுநாளாக யாரும் அவரை இடைஞ்சல் என்று சொன்னதில்லை. நாற்காலிக்கு மாறினார். கட்டிலில் வெங்காயம் குவிந்தது.

மறுநாள் அவர் மடியில் அவித்த முட்டைத் தட்டை வைத்தாள். "சும்மா குந்திக்கினு இன்னா பண்ணப் போற, உரி சார்." இடது கைவிரல்கள் முட்டையைப் பிடிக்கப் பழகின. இரண்டு மூன்று கீழே உருண்டன. "வுடு, கழுவிக்கலாம்" என்றாள், திரும்பிப் பார்க்காமலே.

ஜெசிந்தா அக்காவின் முறை வந்த வாரக் கூட்டமும் எங்கள் வீட்டிலேயே நடந்தது. அம்மா சொன்னாள்: "இது உன் வாரம்மா. மாதா உன் வீட்டுக்கு வரணும்."

"அங்க வந்தா நீஞ்சத்தான் ஒணும். இங்கியே இருக்கட்டும்க்கா. நானும் இங்கதான கீறேன்."

மாதா எந்த வீட்டில் இருக்கிறாளோ அந்த வீட்டின் மன்றாட்டை அந்த வீட்டுப் பெண் சொல்வது எங்கள் வழக்கம். ஜெபமாலை முடிந்தது. எல்லோரும் பழக்கத்தில் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மாவும் பழக்கத்தில் வாயைத் திறந்தாள். "எங்க வீட்டுக்காரர் எழுந்து நடக்கணும்னு..." என்று வந்துவிட்டது. "ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம்" என்று எல்லோரும் சொன்னோம். உரக்கச் சொன்னது ஜெசிந்தா அக்கா. அவள் வீட்டைப் பற்றி அன்றைக்கு யாரும் சொல்லவில்லை. பாத்திரம் கழுவ நேரமாகிவிட்டது என்று அவளும் எழுந்துவிட்டாள்.

இரண்டு நாள் கழித்து அப்பா நடந்தார். பெரிய காரணம் ஒன்றுமில்லை. ஜெசிந்தா அக்கா சாப்பாட்டுப் பொட்டலம் மடிக்கும் லட்சணத்தை நாற்காலியிலிருந்து அதுவரை பொறுத்துக்கொண்டிருந்தார். முனைகள் ஒன்றோடொன்று சேரவில்லை. டிராயிங் மாஸ்டருக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. சுவரைப் பிடித்து, காலை இழுத்து, மேசைவரை வந்து காகிதத்தை வாங்கினார். "இங்க மடி. அப்புறம் இங்க."

"சாரு நடக்கிறாரு பாருக்கா" என்றாள் அவள். அம்மா கரண்டியோடு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

தண்ணீர் வடிந்தது. அந்த வெள்ளத்தைக் காட்டித்தான், ஆற்றோரம் ஆபத்து என்று, அடுத்த மழைக்குள் குப்பத்தைக் காலி செய்தார்கள். ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் வீடு கொடுத்தார்கள். செய்தி என் மேசைக்குத்தான் வந்தது. 'கரையோர மக்களுக்குப் புது வீடு' என்று ஒற்றைப் பத்தியில் தலைப்பு வைத்தேன். தகவல் பிழை எதுவும் இல்லை.

அப்பாவை நடக்கவைத்த மழையும் அவர்களைக் கிளப்பிய மழையும் ஒன்றுதான். மழைக்கு முறையும் வாரமும் தெரியாது என்று அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். "அவ வாரத்துல நான் கேட்டுட்டேன்டா" என்பதோடு நிறுத்திக்கொள்வாள். கோவிலில் யாராவது மாதாவின் புதுமை, அற்புதம் என்று அப்பாவைக் காட்டினால், செருப்பைத் தேடுவதுபோல விலகிப் போவாள். எதிலும் சான்று கேட்கிற எனக்கும், அதைப் புதுமை இல்லை என்று சொல்ல வாய் வந்ததில்லை. அதுதான் சங்கடம்.

கடைசியில் பங்கில் கேட்டு வாங்கி, பெட்டியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு நாங்கள் மூவரும் ஜெசிந்தா அக்காவின் புது வீட்டுக்குப் போனோம். தர வேண்டிய வாரத்தைத் தந்துவிடலாம் என்பது அம்மாவின் எண்ணம். லிஃப்ட் ஓடவில்லை. பெட்டியை நான் சுமந்தேன். அப்பா படிப்படியாக ஏறி வந்ததைப் பார்த்து ஜெசிந்தா அக்கா கைதட்டினாள். வறுக்க மீன் இல்லை. கடல் அங்கிருந்து வெகு தூரம். பிஸ்கட் கொடுத்தாள்.

"உன் மன்றாட்டைச் சொல்லும்மா" என்றாள் அம்மா.

ஜெசிந்தா அக்கா மாதாவைப் பார்த்தாள். "இப்ப இன்னாத்தக்கா கேக்குறது? வூடுதான் குட்த்துட்டாங்களே." அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு உடனே சிரித்தாள். "லிஃப்டு ஓடணும்னு வேணா கேப்போம்."

லிஃப்ட் ஓடவேண்டும் என்று மன்றாடிவிட்டு வந்தோம். ஓடியதா என்று எனக்குத் தெரியாது. அந்தப் பக்கம் பங்கு வேறு, அன்பியம் வேறு.

அப்பா அதற்குப் பிறகு பல வருடம் நடந்தார். காலையில் கடற்கரைக்குப் போகும் அவருடைய பாதை குப்பம் இருந்த இடத்தின் வழியாகப் போனது. அங்கே வேலி போட்டுவிட்டார்கள், உள்ளே புல். வேலியைப் பிடித்துக்கொண்டு ஓய்வெடுப்பார். இன்று அவரும் இல்லை, அம்மாவும் இல்லை. சாந்தோம் வீட்டை இடித்தாகிவிட்டது. பிளைவுட் பெட்டி என்ன ஆனதென்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை.

அந்தச் சனிக்கிழமை இரவுச் சாப்பாட்டுக்கு முன் அன்பியத்தார் ஃபிளாட்டில் கூட, ஜெபமாலை சொன்னோம். எல்லோரும் நிதானமாக, தெளிவாகச் சொல்கிறார்கள். முதல் பாதி முடிகிறது, ஒரு மூச்சு விடும் நேரம் அமைதி, பிறகு அடுத்த பாதி. அழகான ஒழுங்கு. முன்பு அங்கே அந்த அமைதி கிடையாது. யாருக்கும் மூச்சு விட இடம் தராமல் அதற்குள் ஜெசிந்தா அக்கா வந்துவிடுவாள்.